முப்பத்தொன்றாவது சத்தம்

காய்ச்சலில் போன செவி, பதினாறு வருடங்களுக்குப் பிறகு ஒரு கருவியின் தயவில் திரும்பியிருந்தது. பேச்சு சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. மற்ற சத்தங்கள்தான் எல்லாமே தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல் விழுந்தன. புதிதாகக் கேட்கும் ஒவ்வொன்றையும் வீட்டில் விசாரித்து நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார் காது டாக்டர். தமயந்தி மகளிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். குக்கர். தாழ்ப்பாள். பல்லி. ஃப்ரிட்ஜின் உறுமல். முப்பத்தொன்றாவது சத்தம் குளியலறையிலிருந்து வந்தது. இழுத்தது, திணறியது, அடங்கி மறுபடி இழுத்தது. கணவன் பூவலிங்கம் உள்ளே போனால் அது கேட்டது.

“அது என்னடி?”

இலக்கியா பாடப்புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மோட்டார்மா. தண்ணி ஏறுது.”

அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் மின்விசிறி சுழன்று ஓய்ந்தது. ஃப்ரிட்ஜும் அடங்கியது. வீடு முழுக்க அவளுக்குப் பழகிய பழைய அமைதி. குளியலறையில் மட்டும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தமயந்தி மகளைப் பார்த்தாள். மகளின் விரல் புத்தகத்தில் ஒரே வரியில் நின்றிருந்தது.

“எத்தனை நாளா?”

“எனக்கு நெனவு தெரிஞ்சதிலருந்தும்மா. உனக்கு எது என்ன சத்தம்னு தெரியாதுன்னு அப்பா நெனச்சிட்டிருக்காரு.”

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பூவலிங்கம் சிவந்த கண்களைத் துண்டால் அழுத்தித் துடைத்தபடி வெளியே வந்து, நின்றிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான்.

“கரண்ட் எப்ப போச்சு?”

மோட்டார் என்று எழுதியிருந்ததை அடிக்காமல் நோட்டை மூடிய தமயந்தி, காது கேளாதவளாகவே உட்கார்ந்திருந்தாள்.