பதினேழு புகார்

"மறுபடியும் அந்தப் பொம்பளையா?"

மேனேஜர் ஜெயராஜ் புகார் பதிவேட்டைத் தள்ளிவிட்டார்.

"ஆமா சார். காலையில ஏழே முக்காலுக்குப் போன் பண்ணிச்சு. வடக்கால இருக்கிற பம்புகிட்டேர்ந்து ஃபார்மலின் நாத்தம் வருதாம்" என்றான் கோகுல்ராஜ்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், பிளைவுட் ஒட்டுவதற்கு ஃபார்மலின் கலந்து ரெசின் என்கிற பசை தயாரிக்கிற கம்பெனி அது. காற்றில் என்ன கலந்தது, எங்கே கசிந்தது, எப்போது அடைத்தார்கள், யார் புகார் சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிக்கை அனுப்புவது கோகுல்ராஜின் வேலை.

இந்த ஆறு மாதத்தில் பதினேழு புகார். பதினேழும் ஒரே பேரில். பூவாயி. கம்பெனி கேட்டுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள்.

"சுத்தி எத்தனை பேரு இருக்காங்க! பொம்மை சுடுறவன், லாரி செட்டுக்காரன்... எவனுக்கும் வராத நாத்தம் இந்தம்மாவுக்கு மட்டும் எப்படிய்யா வருது? எதையோ எதிர்பாக்குது."

"இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கலியே சார்."

"கேக்கும். நீ போய்ப் பேசு. புகாரையெல்லாம் வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா. நாளைக்கு ரிப்போர்ட் போவணும்."

கோகுல்ராஜுக்கும் அவள் மேல் கடுப்புதான். போன் வந்தால் போட்டது போட்டபடி, காற்றை அளக்கிற மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவள் சொன்ன இடத்தில் ஏதாவது கசிந்து தொலைக்கும். அடைக்க வேண்டும், அளக்க வேண்டும், எழுத வேண்டும். மறுநாளும் அளந்து மறுபடி எழுத வேண்டும்.

மத்தியானம் கடைக்குள் நுழைந்தான். மூன்று பெஞ்சிலும் கம்பெனி ஆட்கள். இவனைக் கண்டதும் பேச்சு அடங்கியது.

"வாங்க தம்பி, உக்காருங்க. கருவாட்டுக் கொழம்பு வெச்சிருக்கேன்" என்று இலையைப் போட்டாள் பூவாயி.

"சாப்பிட வரலக்கா. பேச வந்தேன்."

"சாப்புட்டுக்கிட்டே பேசுனா வாய் வலிக்கவா போவுது?"

சோறு விழுந்துவிட்டது. குழம்பும் விழுந்தது. பசி வேறு. பாதி இலை காலியான பிறகுதான் பையிலிருந்த காகிதம் ஞாபகத்துக்கு வந்தது. அவள் உப்பைத் தின்றுகொண்டே அதை நீட்டக் கூச்சமாகத்தான் இருந்தது.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"என்னான்னு எழுதியிருக்குது?"

"நாத்தம்னு தப்பா சொல்லிட்டேன், புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு."

"தப்பா சொல்லலியே தம்பி. காலையில சொன்னனே, போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பம்பு சீலு போயிருந்துச்சு. மாத்திட்டோம்."

"அப்புறம் என்னாத்துக்குக் கையெழுத்து?"

அதற்குள் தீய்ந்த வாடை ஒன்று மூக்கில் ஏறியது.

"அக்கா, அடுப்புல என்னா?"

"அடுத்த பந்திக்குப் பருப்பு. வேவுது."

"வேவலக்கா, தீயுது! திரும்பிப் பாருங்க, புகையுது!"

"அய்யய்யோ!" என்று ஓடிப்போய்க் குண்டானை இறக்கினாள். அடியெல்லாம் கரி. நாற்றம் கடை முழுக்கப் பரவி, பெஞ்சில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் மட்டும் குண்டானுக்குள்ளேயே முகத்தை விட்டு, மேலே தேறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோகுல்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உங்களுக்கு வாடை தெரியலியா?"

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கொரோனாவுல போனது தம்பி, திரும்பி வரவே இல்ல. மல்லிப்பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். கருவாடு வாங்குனா எங்க வூட்டுக்காரர் மோந்து பாத்துத்தான் நல்லது கெட்டது சொல்றாரு."

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அப்ப பதினேழு தடவை? நாத்தம் நாத்தம்னு என்னை ஓட வுட்டீங்களே, அத்தனையும் பொய்யா? மூக்கே இல்லாதவங்க குடுத்த புகார்னு ரிப்போர்ட்ல எழுதட்டுமா?"

"தாராளமா எழுதிக்குங்க. ஆனா ஒரு தடவையாவது ஒழுவாம இருந்துச்சா, அதையும் எழுதுங்க."

ஒரு தடவைகூட இல்லை. பதினேழிலும் கசிவு இருந்தது. எழுதியதே அவன் கைதான்.

"அப்ப யாரோ சொல்றாங்க. யாருக்கா அது?"

சோறு பிசைந்துகொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. கடைசி பெஞ்சில் செந்தமிழன் தலையைக் குனிந்துகொண்டான். ஷிப்ட் நோட்டில் 'வால்வு கசிவு' என்று தன்னிஷ்டத்துக்கு எழுதிவிட்டான் என்று, போன வருஷம் கோகுல்ராஜே மூன்று நாள் வேலை கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பிய ஆள். அதற்குப் பிறகு அந்த நோட்டில் யாரும் கசிவு என்று எழுதியதே இல்லை. கம்பெனி திருந்திவிட்டது என்று கோகுல்ராஜ் நினைத்திருந்தான்.

பூவாயி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மோர்ச் சொம்பை எடுத்துவந்து கோகுல்ராஜின் இலையில் ஊற்றினாள்.

அவன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"பேரு வேணாம்க்கா" என்றான் தணிந்த குரலில். "நீங்க எதுக்கு இதுல தலையைக் குடுத்தீங்க?"

"மூக்கு இருக்கிறவங்களுக்கு வாயைத் தொறக்கப் பயம் தம்பி. எனக்கு மூக்குதான் போச்சு, வாய் இருக்குதுல்ல?"