மின்வேலிக்குள் பத்திரமாக

பின்கட்டில் மாலை வெயில். கரடி வராமலிருக்கப் போட்ட மின்வேலி 'டிக், டிக்' என்கிறது. அதற்குள்ளே, தேன் எடுத்துவிட்ட வெறும் சட்டங்களைத் தேனீப் பெட்டிகளில் திருப்பி வைக்கப் போன கணவர், முகவலையோடு ஆணி அடித்தாற்போல் நிற்கிறார். வெளியே, சமையலறைப் படியில், காலையில் எடுத்த தேன் வாளியை மடியில் அணைத்துக்கொண்டு கரடி உட்கார்ந்திருக்கிறது. அவசரமே இல்லாமல் நகத்தை ஒவ்வொன்றாக நக்குகிறது. "சுவிட்ச ஆஃப் பண்ணுடி! நான் உள்ள மாட்டிக்கிட்டேன்!" என்று அவர் அலறுகிறார். மாடி ஜன்னலில் மனைவியின் முகம் பெருமையில் மினுங்குகிறது. "தினமும் மறந்துடுறேன்னு திட்டுவீங்களே, இன்னைக்கு கரடியப் பாத்ததுமே போட்டுட்டேன்!" வாளியின் அடியில் நகம் சுரண்டும் சத்தம் கேட்கிறது. "பயப்படாதீங்க," என்கிறாள் அவள், "பெட்டிப் பக்கம் அது திரும்பிக்கூடப் பாக்கல."