கொயட் ஆப்ஷன்

“இது பில் போடுதா, இல்ல படுத்துத் தூங்குதா? பட்டனைத் தட்டிட்டு நான் காப்பியே குடிச்சு முடிச்சுட்டேன்!”

மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு கணவர் அலுத்துக்கொண்டார். வீட்டின் முன்னறைதான் இருவருக்கும் அலுவலகம். அவள் புரோகிராம் எழுதுவாள், அவர் சோதித்துப் பார்ப்பார், விற்பார், மீதி நேரத்தில் யோசனை சொல்வார். மருந்துக்கடைகளுக்கான இந்தப் புரோகிராம் அவளுடைய ஆறு மாத உழைப்பு.

“நேத்து வரைக்கும் பறந்துச்சுங்க. இன்னைக்குக் காலையிலேர்ந்துதான் மக்கர் பண்ணுது.”

“நாலு மணிக்குக் கடைக்காரர் வந்துடுவார். அதுக்குள்ள சரியாகலேன்னா முன்னாடி நான் எழுதின பழைய புரோகிராமையே எடுத்துக் காட்டிடுவேன். அப்புறம் என் மேல கோவிச்சுக்கக் கூடாது.”

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பழசு வேலை செய்யும், ஆனால் பார்க்கச் சகிக்காது. அதனிடம் தோற்பதா?

“நம்ம துப்பறியும் கருவியை விட்டுப் பாரேன்” என்றார்.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமோடு ஒட்டிக்கொண்டு, அது வைக்கிற ஒவ்வோர் அடியையும் குறித்துக்கொள்ளும் கருவி அது. எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதை ஒரே வரிக் கட்டளையில், ஆப்ஷன்களாகத் தட்டிச் சொல்ல வேண்டும். அவள் தட்ட ஆரம்பித்தாள்.

“அட்டாச் போட்டியா? ஃபாலோவும் போடு, இது கிளப்பிவிடுற குட்டிப் புரோகிராம் எங்க போனாலும் விடாது. கொயட்டை மறந்துடாத! நான் எப்பவும் அதைப் போட்டுத்தான் விடுவேன். திரையில ஒரு வரி வராது, பூனை மாதிரி இருந்து வேலையைப் பாக்கும். அட, எழுத்து விட்டுப்போச்சு பாரு! மறுபடியும் தப்பு!”

“ஐயோ, கொஞ்சம் தள்ளிப் போங்களேன்! யாராவது பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்தா எனக்குக் கையே ஓட மாட்டேங்குது.”

“நான் என்ன பண்ணேன்? சும்மாதானே நிக்கிறேன்!”

“சும்மா நிக்கிறதைச் சமையலறையில போய் நில்லுங்க. பாலாவது பொங்காம இருக்கும்.”

நல்லதுக்குக் காலமில்லை என்று முணுமுணுத்தபடி அவர் நகர்ந்தார். அவர் தலை மறைந்ததும் அவள் விரல்கள் பறந்தன. கட்டளை முழுதும் ஒரு பிழையும் இல்லாமல் விழுந்தது. என்டரைத் தட்டினாள்.

கருவி ஒட்டிக்கொள்ள மறுத்தது. இதே புரோகிராமோடு வேறொன்று ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்.

யாரடா அது என்று தேடிப் பார்த்தாள். வந்த பதிலைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஒட்டிக்கொண்டிருந்ததைக் கழற்றிவிட்டு, ஒரு பில் போட்டுப் பார்த்தாள். கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. அவளுக்கு நாற்காலியிலேயே குதிக்க வேண்டும்போல இருந்தது.

“என்னம்மா, சிரிப்புச் சத்தம் கேக்குது?” சமையலறையிலிருந்து குரல் வந்தது. “கோளாறைக் கண்டுபிடிச்சுட்டியா?”

“கண்டுபிடிச்சுட்டேங்க! பாவம், நம்ம புரோகிராமும் என்னை மாதிரிதான். காலையிலேர்ந்து ஒருத்தர் பின்னாடியே நின்னு பாத்துக்கிட்டிருந்தா எப்படி ஓடும்?”

“யாரது?”

“நம்ம துப்பறியும் கருவிதான். கொயட் போட்டு விட்டிருக்கு. உங்க லாகின்லேர்ந்து!”

அதற்கப்புறம் சமையலறையிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை.