அக்கம்பக்கம் கேட்கும்

“பங்க்னு எழுதியிருக்கே, அப்படின்னா என்ன?”

விண்ணப்பத் தாளைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார் பரந்தாமன். ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸ் ஆயுத பூஜை விழாக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். மேடை ஏற நினைப்பவர்கள் முன்கூட்டியே கேசட்டில் பதிந்து கொடுக்க வேண்டும். அவர் கேட்டுத் தலையாட்டினால்தான் மேடை. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே.

“பெட்ரோல் பங்க்கா இருக்கும் சார்” என்றார் பக்கத்தில் இருந்த செங்கல்வராயன். குழுவின் துணைச் செயலாளர். பரந்தாமனுக்கு அடுத்த வீட்டுக்காரர்.

எதிரே நின்ற மூன்று பெண்களும் சிரிக்கவில்லை. மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. கன்னியம்மாளுக்கு பாக்டரி கேன்டீனில் வேலை. வசந்தகுமாரி ஆபீஸில் டைப்பிஸ்ட். நாகம்மா நெமிலிச்சேரி ஸ்டேஷன் வாசலில் கீரை விற்பவள்.

“துபாய்லேர்ந்து என் பையன் ஒரு கேசட் அனுப்பினான் சார்” என்றாள் வசந்தகுமாரி. “வெள்ளைக்காரப் பசங்க. ராகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மனசுல இருக்கறதைக் கத்தறாங்க. அதுக்குத்தான் பங்க்னு பேராம். நமக்கும் ராகம் தெரியாது, மனசுல நிறைய இருக்குன்னு ஆரம்பிச்சோம். அவன் விட்டுட்டுப் போன கிடார் வீட்டுல சும்மாதான் கெடந்தது.”

“நான் டிரம்மு” என்றாள் கன்னியம்மாள். “மூணு வருசமா ஊட்டுக்குள்ளயே தட்டிக்கினு கீறோம் சார். மார்ச்சுல எனக்கு ரிடையர்மென்ட்டு. குவார்ட்டர்ஸை காலி பண்ணிட்டா இந்த மேடை எனக்கு இல்ல. அஞ்சே நிமிசம் குடு சார்.”

“மெல்லப் பேசும்மா. அக்கம்பக்கம் கேக்கும்.”

பரந்தாமன் எல்லோரிடமும் சொல்வதுதான் அது.

மேஜை மேல் ஒரு கோப்பை பளபளத்தது. சிறந்த பாட்டுக்கான பரிசு. போன ஆவணியில் மாரடைப்பில் இறந்துபோன மனைவியின் பெயரில் அவர் புதிதாக ஏற்படுத்தியது. ‘தாட்சாயிணி நினைவுச் சுழற்கோப்பை’ என்று எழுத்து வெட்டியிருந்தது. புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று குவார்ட்டர்ஸே பேசிக்கொண்டது.

அவர் கோப்பையைக் காட்டினார்.

“இது யார் பேர்ல இருக்கு பாத்தீங்களா? முப்பத்தோரு வருஷம் என்னோட குடித்தனம் பண்ணினா. அவ குரல் சமையல்கட்டைத் தாண்டி நான் கேட்டதில்லை. செவ்வாய், வெள்ளி கோயிலுக்குப் போவா. மத்த நாள் வீடு. அப்படிப்பட்டவ பேர்ல கோப்பையை வெச்சுட்டு, எதிர்ல நீங்க வந்து கத்தணுமா?”

செங்கல்வராயன் திடீரென்று மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட ஆரம்பித்தார்.

நாகம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கன்னியம்மாள் அவள் இடுப்பில் கிள்ளினாள்.

“சும்மா இருடி. நீ கேசட்டைப் போடு சார். ரெண்டு வருசத்துக்கு மின்னாடி புடிச்சது. எங்க கையில அது ஒண்ணுதான் கீது.”

டேப்ரிக்கார்டர் சுழன்றது. முதலில் டிரம். பிறகு தகரத்தில் ஆணி கிழிப்பது போலக் கிடார். அதற்கும் மேலே, உடைந்து, கரகரத்து, எதிரே நின்ற மூவரில் யாருடையதும் அல்லாத ஒரு பெண் குரல். அவள் ஒவ்வொரு வரியாகக் கத்த, மற்றவர்கள் பதிலுக்குக் கத்தினார்கள்.

‘பசிக்குதுன்னா?’

‘மெல்லப் பேசு!’

‘வலிக்குதுன்னா?’

‘மெல்லப் பேசு!’

‘செத்துப் போனா?’

‘மெல்லப் பேசு!’

‘கேக்கட்டுமே! அக்கம்பக்கம் கேக்கட்டுமே!’

பரந்தாமனின் கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்தது. அப்படியும் அந்தக் குரல் அடங்கவில்லை. பாட்டு முடிந்ததும் மூச்சு வாங்க ஒரு சிரிப்பு. வெகுநேரம் நிற்காத சிரிப்பு. அதோடு கேசட் நின்றது.

“பாட்டு ஒண்ணும் அவ்வளவு மோசம் இல்லியே சார்” என்றார் செங்கல்வராயன், தலையைத் தூக்காமல்.

“நீ சும்மா இருய்யா.”

பரந்தாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நியாயஸ்தர் என்று பெயர் எடுத்தவர். யாரையும் அடியோடு மறுத்துவிட மாட்டார்.

“சரி. கன்னியம்மா கையால எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கேன். அஞ்சு நிமிஷம்தானே, மூணு பேரும் ஏறிக்குங்க. ஆனா ஒண்ணு. நடுவுல ஒருத்தி தொண்டை கிழியக் கத்தறாளே, கடைசியில வெக்கமில்லாம சிரிக்கறாளே, அந்த அடங்காப்பிடாரி மட்டும் மேடைப் பக்கம் வரக் கூடாது. அவளைக் கட்டிக்கிட்டவன் எப்படித்தான் குப்பை கொட்டறானோ, பாவம்.”

வசந்தகுமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சரின்னு சொல்லிடு அக்கா” என்று முணுமுணுத்தாள் நாகம்மா. “மேடை கெடச்சிடுச்சி இல்ல. அவ்ளோதான். சரின்னுடு.”

கன்னியம்மாள் டேப்ரிக்கார்டரைத் திறந்து கேசட்டை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள்.

“மேடை வாணாம் சார்.”

“ஏன்? அவ இல்லாம பாட மாட்டீங்களோ? அப்படி என்ன பெரிய ஆளு அவ? எந்த பிளாக்குல இருக்கா, சொல்லு. புருஷனைக் கூப்பிட்டு நானே பேசறேன்.”

வாசல்வரை போன கன்னியம்மாள் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் மெல்லப் பேசவில்லை.

“அவங்க பேரைத்தான் சார் அந்தக் கோப்பையில வெட்டி வச்சிக்கினு கீறே.”