வாசலில் சோதனை

"பையைத் திற!" தையல் ஆலையின் வாசலில் காவல்காரப் பெண் அதட்டினாள். மாடி ஜன்னலிலிருந்து மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து என்கிட்ட பறிச்ச நாப்பது சங்க ஃபாரம் போதாதாக்கா?" என்றாள் தையல்காரி. "வைத்தியச் செலவைக் கம்பெனி ஏத்துக்கணும்னுதானே சங்கத்துக்கு ஆள் சேர்க்கறோம்? நாளைக்கு உங்களுக்கே நெஞ்சுவலின்னா யாரு பார்ப்பா?"

"வாயை மூடு!" சாப்பாட்டு டப்பாவரை கிளறிவிட்டு, "போ, போ" என்று விரட்டினாள் காவல்காரி.

'ஈவிரக்கமே இல்லாத ஜென்மம்' என்று முணுமுணுத்தபடி மெஷின் முன் உட்கார்ந்த தையல்காரி, மூக்குக்கண்ணாடியை எடுக்கப் பையைத் திறந்தாள்.

டப்பாவுக்கு அடியில் ஒரு கத்தை காகிதம். நேற்றுப் பறிபோன அதே ஃபாரங்கள்.

முப்பத்தொன்பது வெறுமையாக இருந்தன. மேலே இருந்த ஒன்றில் மட்டும் கையெழுத்து இருந்தது. வேலை என்ற இடத்தில், 'வாசல் காவல்' என்று எழுதியிருந்தது.