கையில் கொஞ்சம் கனம்

இப்போதெல்லாம் ஷேர் ஆட்டோ போல ஊருக்கு ஊர் ஓடும் ஷேர் விமானம் தரையிறங்கும்போது பைலட்டுகள் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். மூக்கை எவ்வளவு தூக்குவது என்பதை விமானமே பார்த்துக்கொள்கிறது. எங்கள் வால்பாறை விமானத்தை ஓட்டும் செண்பகவல்லி அக்கா மட்டும் இறங்கும் நேரத்தில் அந்தத் தானியங்கியை அணைத்துவிட்டு, மூக்கை ஏற்றி இறக்கி நிறுத்தும் ட்ரிம் சக்கரத்தைத் தானே திருப்புவாள்.

நான் கூடப் போகும் நர்ஸ். ஒருநாள் கேட்டேன்: "சும்மா உக்காந்திருக்கலாம்லக்கா?"

"மிசினு, கம்பப் பிடிச்ச கையில கனமே தெரியாதபடி மூக்கத் தூக்கி வெச்சிரும். அப்ப திரும்ப மேல ஏறணும்னு திடீர்னு எஞ்சின முழுசா முறுக்குனா, மூக்கு வானத்தப் பாத்து எகிறி, வண்டி அப்படியே விழுந்துரும். கொஞ்சம் கனம் என் கையிலயே இருக்கட்டும் புள்ள."

நேற்று, பிரசவம் முடிந்து வீடு திரும்பும் லூர்துமேரி பின்சீட்டில் குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். சக்கரம் தரையைத் தொடப்போகையில் ஓடுதளத்தில் ஒரு காட்டுமாடு வந்து நின்றது. அக்கா எஞ்சினை முழுசாக முறுக்கினாள். எழும்பப் பார்த்த மூக்கை, ஒரு கையால் கம்பை முன்னால் தள்ளி அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ட்ரிம் சக்கரத்தை முன்னால் உருட்டினாள். மாட்டின் முதுகுக்கு மேலே பறந்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அலுங்காமல் இறக்கினாள்.

லூர்துமேரி அப்போதுதான் கண்விழித்து மணி பார்த்தாள். "என்னக்கா, இன்னிக்கு லேட்டாயிருச்சு?"

"மாடு குறுக்க வந்துருச்சும்மா" என்றாள் அக்கா, ட்ரிம் சக்கரத்திலிருந்து இன்னும் கையை எடுக்காமல்.