தொப்பியின் அளவு

யோகோஹாமா கடைத்தெருவில், முடிதிருத்தும் தொகுஜி சாமுராய் இசோபேயின் குடுமியைக் கத்தரித்துப் பயபக்தியோடு காகிதத்தில் வைக்கிறான். எங்கோ ரயில் ஊதுகிறது. இசோபே போன வாரம் வாங்கிய சீமைத் தொப்பியைக் கண்ணாடி முன் மாட்டிப் பார்க்கிறார். குடுமியோடு அளவு பார்த்து வாங்கிய தொப்பி, மூக்குவரை இறங்கிவிடுகிறது. தொகுஜிக்குச் சிரிப்பு பீறிடுகிறது. இசோபேயின் கை சட்டென்று இடுப்புக்குப் போகிறது. “தெரியாம சிரிச்சுட்டேன், எஜமான்!” என்று கொட்டிக்கிடக்கும் மயிரிலேயே நெற்றி பதியக் கவிழ்கிறான் தொகுஜி. வாள் கூடாதென்று அரசாங்கம் சொன்னதிலிருந்து அந்த இடுப்பில் செருகியிருப்பது கறுப்புக் குடை. அதை உருவிய கையோடு, தொப்பியை மேலே தள்ளிவிட்டு உற்றுப் பார்க்கிறார் இசோபே. வாசலில் தூறல் விழுகிறது. “எந்திரிடா. இதை எப்படி விரிக்கறதுன்னு உனக்காவது தெரியுமா?”